போயா வாரமும் அரைமணி நேரமும்

காலம் என்னுந் தத்துவம் மாயையினின்றுந் தோன்றிக் கழிந்தது, நிகழ்வது, வருவது என மூன்று திறப்பட்டு உயிர்களின் வினைநுகர்ச்சியை வரையறுப்பதென்பது இவ்விதழைப் பயில்வார் யாவரும் நன்கறிந்தது. யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது அத்தத்துவமன்று. அதனை அளத்தற்கு மக்கள் கைக்கொண்ட அளவுகோலேயாம். துணியளக்குங் கோலையும் நெல்லளக்கும் மரக்காலையும் அரசர் மாற்றியதுண்டு. குடிகள் சிலகாலம் முணுமுணுத்துப் பின் இசைந்ததுமுண்டு. பொழுதளக்குங் கோலை மாற்றப் புகுந்தோர்க்கு நேர்ந்தது யாது? இவ்வினாவிற்கு விடைகாண நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. இலங்கையிலே எம் வாழ்நாளிலேயே இருமுறை அது மாற்றப்பட்டது. 1966ஆம் ஆண்டில் வாரம் மாறியது. 1996ஆம் ஆண்டில் மணி மாறியது. அவ்விரண்டும் இன்று இல்லை. அவை வந்த வழியையும் போன வழியையும், அவற்றுக்கு முன் பிறநாட்டார் செய்து பார்த்தவற்றையும் கூறுதும்.

முதற்கண் நம்மவர் கணக்கைச் சிறிது நோக்குவாம். நாளொன்றுக்கு நாழிகை 60; நாழிகையொன்றுக்கு விநாழிகை 60. நாழிகையென்பது இக்கால மணிக்கணக்கில் 24 நிமிடம்; இரண்டரை நாழிகை ஒரு மணித்தியாலம்; ஏழரை நாழிகை ஒரு சாமம். தொல்காப்பியத்தால் அறியப்படுஞ் சிறுபொழுது ஆறும் பத்துப்பத்து நாழிகையாகப் பகுக்கப்படுவன. அரசர் பாசறையிற் குறுநீர்க்கன்னல் கொண்டு பொழுதளந்துரைப்போர் இருந்தமை முல்லைப்பாட்டாற் பெறப்படும். புகார் நகரத்து நாழிகைக்கணக்கரைச் சிலப்பதிகாரங் கூறும். அடியில் நுண்டுளையிட்ட செப்பு வட்டிலை நீர்மேல் மிதக்கவிட, அது நிறைந்து அமிழுங் காலத்தை ஒரு நாழிகையென்று கொண்டமை பிற்காலத்து வழக்கு. இவற்றிலெல்லாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கணக்குத் தொடங்குமிடம் ஞாயிற்றின் உதயம். அவ்வவ்வூரில் ஞாயிறு தோன்றும்போது அவ்வவ்வூர்க்கு நாள் பிறக்கும். வேற்றூரிற் பொழுது என்னவென்று ஒருவர்க்குந் தெரியவேண்டியிருந்ததில்லை.

வட்டிலில்லாத உழவர்க்குத் துரும்பு இருந்தது. பதினாறு விரல் நீளமுள்ள துரும்பொன்றை எடுத்து, ஒரு பகுதி நிலத்திற் கிடக்க மற்றப்பகுதி செங்குத்தாய் நிற்க மடித்து, நிற்பதன் நிழல் கிடப்பதன் முனையைச் சரியாகத் தொடும்படி மடிப்பை முன்பின்னாக நகர்த்துவர். நிற்கும் பகுதி எத்தனை விரலோ அத்தனை நாழிகை, முற்பகலாயின் உதயத்தின்பின் சென்றது. பிற்பகலாயின் மறைவுக்கு எஞ்சியது. இதனை இளமையில் மடத்திற் பாடங்கேட்ட காலத்து, உடன் பயின்றாரொருவர் விளையாட்டாகச் செய்துகாட்டக் கண்டேன். அப்பொழுது அதனை நம்பவில்லை. பணியினின்றும் ஓய்வுபெற்ற பின்னர், ஒரு சித்திரை மாதம் முழுவதும் மணிக்கூட்டைப் பெட்டியுள் வைத்துத் துரும்பே துணையாகப் பொழுதறிந்து பார்த்தேன். காலை ஏழுமணியளவில் அது ஏறத்தாழ ஒரு நாழிகை மிகுத்துக் காட்டிற்று. ஒன்பது மணிக்குப் பின்னர் நண்பகல்வரை ஒரு நாழிகையின் பாதிக்குமேற் பிழைபடவில்லை. பதினாறு விரற் புல்லுக்கு இத்துணை நுண்மையா என்று வியந்து, அம்முறையை மார்கழியிலுந் தொடங்கினேன். மார்கழியில் அது என்னைக் கைவிட்டது. ஞாயிறு தென்பாற் சாய்ந்து நிற்குங் காலமாதலின், உச்சிப்பொழுதிலும் துரும்பு பத்து விரலை எட்டவில்லை. பதினைந்து நாழிகையைப் பத்து நாழிகைக்குட்பட்டதாகக் கருதி வீட்டிலிருந்தவன், பகல் பன்னிரண்டரை மணிப் பேருந்தைத் தவறவிட்டேன். மழைமூட்ட நாள்களின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. பழைய முறையைப் போற்றுவோர் அதனை ஓராண்டு கைக்கொண்டு பார்த்துப் போற்றுதல் நலம்.

நாழிகையின் இடத்தை மணி கவர்ந்தது ஆங்கிலேயர் காலத்திலேயாம். அதுவும் ஒருபடித்தாய் வரவில்லை. சென்னை வானாய்வு நிலையம் 1792ஆம் ஆண்டிலமைந்தது. அந்நிலையத்து நேரமே பின்னர்ப் புகைவண்டிப் பாதைகளின் பொதுநேரமாயிற்று. இலங்கையில் 1880ஆம் ஆண்டு முதல் கிறீனிச்சுக்கு 5 மணி 19½ நிமிடம் முற்பட்ட நேரம் வழங்கிற்று. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி நேரத்தைக் கைக்கொண்டன. இலங்கையில் மணிக்கூடுகள் அன்று ஏறத்தாழப் பத்து நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. பத்து நிமிடமென்பது அரை நாழிகைக்குங் குறைவு. ஆதலின் யாழ்ப்பாணத்தில் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு நிகழாமல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்தையொட்டி நிகழ்வதை யாரும் பொருட்படுத்தவில்லை. பம்பாய் நகரத்தார் மட்டும் தம் நகர நேரத்தை விடாது 1955ஆம் ஆண்டுவரை வைத்திருந்தனர்.

இவையெல்லாம் முள்ளைச் சிறிது நகர்த்தியன. மணிக்கூட்டின் முகத்தையே அழித்தெழுத முற்பட்டவர் பிரான்சு நாட்டார். மன்னராட்சியைத் தொலைத்த அவர்கள், குடியரசு பிறந்த 1792 செப்டெம்பர் 22ஆந் தேதியையே ஆண்டுத்தொடக்கமாகக் கொண்டனர். அன்று பகலும் இரவும் ஒத்த விழுநாளாயிருந்ததும் அவர்கட்கு உவப்பாயிற்று. கில்பேர் ரோம் என்பாரைத் தலைவராகக் கொண்ட குழுவொன்று புதிய காலக்கணக்கை வகுத்தது. மாதம் 12, மாதந்தோறும் நாள் 30, எஞ்சிய ஐந்தோ ஆறோ நாளும் ஆண்டிறுதியில் விழாநாள். வாரம் ஒழிந்தது, பத்துநாட் கூறு அதனிடத்தில் அமர்ந்தது. நாளொன்றுக்கு மணி 10, மணிக்கு நிமிடம் 100, நிமிடத்துக்கு நொடி 100. பாபிர் டெக்லாந்தீன் என்னும் நாடகப்புலவர் மாதங்கட்குப் பெயரிட்டார். திராட்சை கொய்யும் மாதம், மூடுபனி மாதம், முளைக்கும் மாதம், வெம்மை மாதம் என்றாற்போல வந்த அப்பெயர்களைக் காணும்போது, காரும் கூதிருமென்று பொழுதுகட்குப் பெயரிட்டு வழங்கிய தமிழ்மரபு நினைவிற்கு வருவது இயல்பே. தூயர் பெயரால் வழங்கிய நாள்களுக்கு மரஞ்செடிகளின் பெயரும், விலங்குகளின் பெயரும், உழுபடைகளின் பெயரும் வைக்கப்பட்டன.

அவர்கள் வகுத்த ஒரு மணி நம் கணக்கிற் சரியாக ஆறு நாழிகையாம். நாழிகை அறிந்த தமிழனுக்கு அது இடர்ப்பாடின்றி விளங்கியிருக்கும். பாரிசு நகரத்துக் கடைக்காரனுக்கு விளங்கவில்லை. இரண்டு முகமும் ஒருங்கே எழுதிய மணிக்கூடுகளைத் தொழிலாளர் செய்து விற்றனர். அவற்றிற் சில இன்றுங் காட்சிச்சாலைகளில் உள்ளன. பத்துமணி நாள் 1794 செப்டெம்பர் 22 முதல் ஆவணங்களிற் கட்டாயமாக்கப்பட்டு, 1795 ஏப்பிரில் 7இல் நிறுத்திவைக்கப்பட்டது. அரையாண்டுக்குச் சிறிது மேற்பட்ட ஆயுள். வியப்பென்னவெனின், மீற்றரையும் கிராமையும் உலகிற்குத் தந்த சட்டமும் அதே நாளிற் பிறந்த அதே சட்டமே. நீட்டலும் நிறுத்தலும் பத்தின்பாற் செல்ல இசைந்த மக்கள், பொழுதை மட்டும் விடுக்க இசைந்திலர். மீற்றர் இல்லாதபோது ஊருக்கொரு கோல் இருந்து வணிகர்க்கு இடையூறு செய்தது. ஆதலின் ஒரு பொதுக்கோலை அவர் வேண்டினர். மணியோ முன்னரே யாவர்க்கும் பொதுவாயிருந்தது. உள்ள பொதுமையைக் கெடுத்து வேறொன்று தருவாரை யார் விரும்புவர்?

பத்துநாட் கூறு அதனினும் நெடிது நின்றது. ஆனால் அதன் வேரைத் தின்ற பூச்சி வேறு. ஆண்டுக்கு 52 ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்திருந்தவன், இப்பொழுது 36 நாளே ஓய்வான். ஒன்பது நாள் உழைத்துப் பத்தாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். நாட்டுப்புறத்தார் பழைய ஞாயிற்றுக்கிழமையிலேயே ஏரை நிறுத்தினர். அரசின் ஊழியர்க்கு 1802இல் ஞாயிறு ஓய்வு மீண்டது. 1806 சனவரி முதல் நாளோடு அக்கணக்கு முழுதும் நெப்போலியனால் நீக்கப்பட்டது. மாதங்கட்கு அழகிய பெயரிட்ட புலவர் 1794ஆம் ஆண்டிலேயே தலையிழந்தார். குழுத்தலைவர் ரோம் அடுத்த ஆண்டு கொலைத்தண்டனை பெற்றுத் தம்மைத்தாமே குத்திக்கொண்டு மாய்ந்தார். புதுச்சேரி 1793 ஆகத்து மாதத்திலேயே ஆங்கிலேயர் கைப்பட்டது. பத்துமணி நாளுக்குச் சட்டம் பிறந்தது அதன்பின்னரே. ஆதலின், தமிழ்நிலத்தில் அதனைச் செய்துபார்க்கும் வாய்ப்பு இல்லாதொழிந்தது.

சோவியத்து நாட்டார் 1929ஆம் ஆண்டில் வேறொரு வழிசென்றனர். மணியை விட்டு வாரத்தை மட்டும் தொட்டனர். தொழிற்சாலைப் பொறிகள் ஒருநாளும் ஓயலாகாது. ஆட்கள் மட்டும் முறைமுறையே ஓயலாம் என்பது கருத்து. வாரம் ஐந்து நாளாயிற்று. தொழிலாளர் ஐந்து கூட்டமாகப் பகுக்கப்பட்டு, மஞ்சள், செந்நீலம், பச்சை என்றாற்போல நிறத்துக்கொரு கூட்டம், கூட்டத்துக்கொரு நாள் ஓய்வு என விதிக்கப்பட்டது. கணக்கின்படி ஓய்வு மிகுந்தது. ஐந்தில் ஒருநாள் ஏழில் ஒருநாளினும் பெரிதன்றோ! ஆயினும் கணவன் மஞ்சளும் மனைவி பச்சையுமானால் இருவரும் ஒருங்கிருந்து உண்ணும் நாள் எது? வீட்டில் தனித்திருந்து ஓய்வது ஓய்வாகாதென்பதை அவர்கள் இரண்டாண்டில் உணர்ந்தனர். 1931இல் யாவர்க்கும் பொதுவாக ஆறுநாள் வாரம் வந்தது. 1940இல் ஏழுநாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் மீண்டன.

ஏழென்னுந் தொகைக்கு இத்துணை உரம் எங்கிருந்து வந்தது? ஞாயிறு உதித்தல் நாளைக் காட்டும். திங்கள் தேய்தலும் வளர்தலும் மாதத்தைக் காட்டும். பருவம் ஆண்டைக் காட்டும். வாரத்தைக் காட்டுவது விண்ணில் யாதுமில்லை. அது மேற்றிசையிற் கோள்நூலாரிடம் பிறந்து இங்கு வந்தது என்பர் ஆராய்ச்சியாளர். வடநாட்டில் ஏரணென்னும் ஊரிலுள்ள கி.பி. 484ஆம் ஆண்டுக் கல்வெட்டே கிழமை குறித்த பழஞ்சாசனங்களுள் முற்பட்டதாகச் சொல்லப்படுவது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தப் பிள்ளையார் கோளறு பதிகத்திற் கோள்களைக் கிழமை முறையிலேயே நிறுத்தியருளினமையின், அக்காலத்துத் தமிழ்நாட்டில் அம்முறை பரவியிருந்தமை தெளிவாம். கிழமை நம்முடையதாயிற்று, ஆயினும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நம்முடையதன்று. அது பறங்கியர் முதலாக இங்கு வந்து ஆண்ட மேனாட்டார் கொணர்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலராதலின் வேறுபடுத்துக் கூறினேன்.

இனி இலங்கைக்கு வருவாம். 1965ஆம் ஆண்டு ஆட்சியேற்ற டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், 1966 சனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை ஒழித்துப் போயா நாளை ஓய்வுநாளாக்கியது. போயா என்பது உபோசதம் என்னும் பாலிச்சொல்லின் சிங்களத் திரிபு. வடமொழியில் உபவசதம் எனப்படும். நம் உபவாசத்துக்கும் அதற்கும் அடிச்சொல் ஒன்றே. பௌத்தர் திங்களின் நான்கு நிலைகளையும் நோன்புக்குரியனவாகக் கொள்வர். அவை பூரணை, அமாவாசை, வளர்பிறை எட்டாம் பக்கம், தேய்பிறை எட்டாம் பக்கம். மகதநாட்டரசன் பிம்பிசாரன், பிறசமயத் துறவிகள் அந்நாள்களிற் கூடியிருந்து அறமுரைத்தலைக் கண்டு, புத்தரிடம் அவ்வழக்கத்தை வேண்டிப்பெற்றான் என்பது அவர்தம் வினயபிடகச் செய்தி. போயா முழுநாள் ஓய்வாகவும், அதற்கு முந்தினநாள் பழைய சனிக்கிழமைபோல அரைநாளாகவும் வைக்கப்பட்டன.

பிரான்சு நாட்டாரும் சோவியத்தாரும் சமயத்தினின்று பொழுதை விடுவிக்கப் புகுந்தனர். இலங்கையார் சமயத்திடம் பொழுதை ஒப்புவிக்கப் புகுந்தனர். நோக்கம் மறுதலை, இடர்ப்பாடு ஒன்றே. திங்கள் ஒருமுறை தேய்ந்து வளர்தற்கு ஏறத்தாழ 29½ நாள் செல்லும். அதனை நான்காற் பகுப்பின் 7⅜ நாள் வரும். பின்னத்தை வைத்து யாரும் ஓயமுடியாதாகையால், ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒருகால் ஏழுநாள், ஒருகால் எட்டு நாள். திங்கள் விரைந்து செல்லுங்கால் ஆறுநாளுமாம். பக்கம் ஒவ்வொன்றும் அறுபது நாழிகையினின்றும் ஐந்து நாழிகை கூடவும் ஆறு நாழிகை குறையவும் பெறுமெனப் பஞ்சாங்க நூலார் கூறுவது இதனாலன்றோ! ஆண்டுக்கு 52 ஞாயிறு போய் 49 அல்லது 50 போயா வந்தன. தொழிலாளி இரண்டு மூன்று நாளை இழந்தானென்பது பெரிதன்று. நாட்காட்டியைப் பாராமல் அடுத்த ஓய்வு என்று வருமென்று அவனாற் சொல்லமுடியவில்லையென்பதே பெரிது.

யான் பள்ளியிற் சேர்ந்த ஆண்டும் அதுவே. ஆதலின் ஞாயிற்றுக்கிழமை புத்தகமெடுத்துச் செல்வது எனக்கு விந்தையாகத் தோன்றவில்லை. விந்தைப்பட்டவர் எங்கள் பேர்த்தியார். "தம்பி, ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடமோ?" என்று கேட்பது அவர்க்கு ஆறாண்டும் வழக்கமாயிருந்தது. பாட அட்டவணையை எங்கள் ஆசிரியர் கிழமைப்பெயரால் எழுதாது, போயாவின்பின் முதலாம் நாள், இரண்டாம் நாள் என எண்ணால் எழுதி வைத்திருந்தார். ஐந்து நாளுக்குப் பாடம் வகுத்திருந்தார். எட்டுநாள் வாரம் வரும்போது ஆறாம்நாள் ஒன்று மிஞ்சும். அதற்கு அட்டவணையில் இடமில்லை. அந்நாளில் அவர் கதை சொல்வார். நளன் கதையும் அரிச்சந்திரன் கதையும் யான் முதன்முதற் கேட்டது அவ்வாறு மிஞ்சிய நாள்களிலேயாம். இன்றும் தேய்பிறை எட்டாம் பக்கத்தைப் பஞ்சாங்கத்திற் காணும்போது, அடுத்த போயாவுக்கு ஆறுநாளா ஏழுநாளா என்று மனம் எண்ணத் தொடங்குகின்றது.

கிழமைப் பெயர்கள் அழியவில்லை. பிரான்சு நாட்டார்போல அவற்றை நீக்க இவ்வரசாங்கம் முயலவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கும் கோயில் வழிபாடும் சந்தை கூடும் நாளும் பழையபடியே நடந்தன. ஆகவே மக்கள் இரண்டு கணக்குகளை ஒருங்கே தாங்கினர். கொடுக்கல் வாங்கலுக்குங் கோயிலுக்கும் கிழமை, கந்தோருக்கும் பள்ளிக்கும் போயா. வெளிநாட்டு வணிகமே பெரிதும் இடர்ப்பட்டது. உலகமெல்லாம் ஞாயிறு ஓயும்போது கொழும்பு விழித்திருக்கும். உலகமெல்லாம் செவ்வாய்க்கிழமை உழைக்கும்போது கொழும்பு போயாவுக்காகக் கதவடைத்திருக்கும்.

சைவர் நிலை யாது? இதனை மறைக்காமற் கூறுதல் கடனாம். எமக்கு அது வசதியாகவே இருந்தது. தந்தையை இழந்தோர் அமாவாசையிலும் தாயை இழந்தோர் பூரணையிலும் நோன்பிருந்து விரதச்சமையல் செய்து காகத்துக்கு வைத்து உண்பது யாழ்ப்பாணத்து வழக்கம். கந்தோரில் விடுமுறை கேளாமலே அந்நாள்கள் ஓய்வாகக் கிடைத்தமையின், போயா கணித்தநாள் பஞ்சாங்கத்தோடு சிலபோது ஒருநாள் முன்பின்னாகியதையும் பெரிதாக எண்ணாது எம்மவர் மகிழ்ந்திருந்தனர். எங்கள் ஒழுங்கையிற் கத்தோலிக்கக் குடும்பங்கள் இரண்டு இருந்தன. அவ்வீட்டு ஆசிரியையார் ஞாயிறுதோறும் இருள்புலருமுன் பூசைகண்டு மீண்டு, அவசரமாகச் சேலைமாற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓடியதை யான் நாடோறுங் கண்ட காட்சிபோல நினைவுகூர்கின்றேன். அவர்க்காக ஒருவரேனும் ஒருசொற் சொன்னதாக யான் அறியேன். தமிழரென்னும் முறையில் மொழிக்காகக் குரல்கொடுத்த எம் ஊரார், இதில் வாளாவிருந்தனர். அரசு வகுத்த காலக்கணக்கு ஒன்று நமக்கு உடன்பாடாக அமைந்துவிடின், அது பிறரை நெருக்குவது கண்ணுக்குப் புலனாவதில்லை.

1970இல் ஆட்சி மாறியது. 1971இல் சனி ஞாயிறு ஓய்வு மீண்டது. பூரணைப் போயா மட்டும் பொதுவிடுமுறையாக நின்று இன்றும் நிலவுகின்றது. ஏனைய மூன்றும் பஞ்சாங்கத்துள் மறைந்தன. எனக்கு விந்தை தோன்றியது அப்பொழுதுதான். ஞாயிற்றுக்கிழமை பள்ளியில்லை என்றதும், அன்று என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றேன்.

இரண்டாவது சோதனை 1996ஆம் ஆண்டினது. அவ்வாண்டு மழை பொய்த்து நீர்நிலைகள் வற்றின. நீர்வலியாற் பிறக்கும் மின்சாரத்தை நம்பியிருந்த நாடு இருளில் ஆழ்ந்தது. மாலைவிளக்கைச் சுருக்குதற்காக மே 25ஆந் தேதி மணிக்கூடுகள் ஒருமணி முன்னே தள்ளப்பட்டன. போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, இத்தகைய மாற்றத்தை முதியோர் கண்டிருந்தனர். அதனால் முற்றும் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் உச்சிப்பொழுது பகல் ஒருமணி பத்து நிமிடத்தையொட்டி நிகழ்ந்தது. ஒருமணி மிகையென்று கண்டு, ஒக்டோபர் 26இல் அரைமணி திருப்பிக் கொடுத்தனர். எஞ்சிய அரைமணி மழைபெய்து நீர்நிலைகள் நிறைந்த பின்னும் போகாது, பத்தாண்டு நின்றது. தைமாதத்தில் ஞாயிறு தோன்ற ஏழுமணியாகும். பிள்ளைகள் இருட்டிலே குளித்துப் பள்ளிக்குப் புறப்பட்டனர்.

இராகுகாலத்தை மனப்பாடமாக வைத்திருந்தோர் பட்டபாட்டைச் சொல்லவேண்டும். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று அவர் நாவிற் கிடந்த எண்கள், ஆறுமணிக்கு உதயமென்னும் பொதுக்கணக்கிற் பிறந்தவை. மணிக்கூட்டைத் தள்ளியபின் அவற்றையும் தள்ளவேண்டுமன்றோ? சிலர் தள்ளினர், சிலர் தள்ளவில்லை, சிலர் இரண்டையுந் தவிர்த்து நாளின் பெரும்பகுதியை வறிதே கழித்தனர். மணியில் அச்சிட்ட பஞ்சாங்கத்தைப் பார்த்தோர் ஒருமணி கூட்டிப் படித்தனர். நாழிகையில் அச்சிட்டதற்கு ஒரு திருத்தமும் வேண்டியிருக்கவில்லை. உதயாதி நாழிகை பன்னிரண்டு என்றால், அமைச்சர் யாது கட்டளையிட்டாலும் அது பன்னிரண்டே.

விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்டிருந்த வன்னிநிலத்தில் இம்மாற்றம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அங்குப் பழைய ஐந்தரை மணி நேரமே நின்றது. ஆகவே ஒரு சிறுதீவினுள் இரண்டு நேரம். 2002இல் கண்டிவீதி திறக்கப்பட்டபின் இது நாடோறும் உணரப்பட்டது. யாழ்ப்பாணத்திற் புறப்படுவோன் முகமாலையைக் கடந்ததும் மணிக்கூட்டை அரைமணி பின்னே தள்ளவேண்டும். ஓமந்தையைக் கடந்ததும் அரைமணி முன்னே தள்ளவேண்டும். இரண்டு பேரரசுகளின் எல்லையிற் செய்வதைப் பேருந்தில் அமர்ந்திருந்த மூதாட்டியும் செய்தார். மேலும், கையிலுள்ள மணிக்கூடு எந்நேரங் காட்டுகின்றதென்பதும் ஒருவன் எந்தப் பக்கத்தவன் என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. காலத்தை அளக்குங்கோல் இவ்வாறு ஆளை அளக்குங் கோலுமாயிற்று.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்ததொரு திருமணத்துக்கு யான் சென்றிருந்தேன். மணமகளின் தாய்மாமனார் வன்னியில் வாழ்பவர். முகூர்த்தம் காலை ஒன்பது மணி பத்து நிமிடமென அழைப்பிதழில் இருந்தது; எந்த நேரமென்று அச்சிடவில்லை. பந்தலிற் பெரியோர் அவரை எதிர்நோக்கியிருந்தும், சுபவேளை கழியுமேயென்று அஞ்சித் தாலி கட்டுவித்தனர். அறுகரிசி தூவி முடிந்து, பந்தி வைக்கத் தொடங்கியவேளை, பட்டுவேட்டியும் சால்வையுமாக அவர் வாயிலில் வந்து நின்றார். என்னைக் கண்டு, "பண்டிதரையா, என்ர மணிக்கூட்டில இன்னும் ஒன்பதே காலாகேல்லையே" என்றார். கையை நீட்டிக் காட்டினார். உண்மையில் ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடமே ஆகியிருந்தது. முகமாலையிற் பைகளைத் திறந்து காட்டும் பரபரப்பில் முள்ளைத் தள்ள மறந்தாரோ, தள்ளுதற்கு மனமிலராயினாரோ, யான் கேட்கவில்லை. சோதிடர் முகூர்த்தத்தை நாழிகையிலேயே கணித்துக் கொடுத்திருந்தாரென்றும், அதனை மணியாக்கி அச்சிட்டது பெண்வீட்டாரென்றும் பின்னர் அறிந்தேன். நாழிகையை அப்படியே அச்சிட்டிருந்தால், அவரும் உதயத்தினின்று எண்ணி வந்துசேர்ந்திருப்பார். ஆனால் அழைப்பிதழ் பெற்ற முந்நூறு பேருள் அதனை எண்ணத் தெரிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதும் ஐயமே.

2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், ஏப்பிரில் 15, நள்ளிரவு கழிந்து அரைமணியானதும் இலங்கை முழுவதும் மணிக்கூடுகள் நள்ளிரவுக்கே திருப்பப்பட்டன. 1906இல் வந்த ஐந்தரை மணி நேரம் மீண்டது. யான் விழித்திருந்து சுவர்மணிக்கூட்டை அரைமணி நிறுத்திவைத்து மீள ஓடவிட்டேன். இரண்டு நாள் கழித்து அத்தாய்மாமனார் புத்தாண்டுக்கு உறவினரைக் காணவந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார். திண்ணையில் அமர்ந்து, சுவரை நோக்கி, தம் கையை நோக்கி, ஒன்றுஞ் சொல்லாது தேநீரைக் குடித்தார். அவருடைய மணிக்கூட்டில் அவர் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.